27.12 – ஒரு பொம்மை விமானம் விழுந்த கதை

சித்தப்பா போன வருடம் காலமானார். அவருடைய பரணை ஒழித்தபோது சித்தி என்னிடம் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே பால்சா மரத் துண்டுகள், துருப்பிடித்த ஒரு சின்ன மெத்தனால் எஞ்சின், ஆரஞ்சு ரிப்பன் கட்டிய ஒரு டிரான்ஸ்மிட்டர், அப்புறம் கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று. நோட்டின் முதல் பக்கத்தில் 'விமானம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்த விமானத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது விழுந்தபோது டிரான்ஸ்மிட்டர் என் கையில் இருந்தது.

1995 மே மாதம், ஒரு சனிக்கிழமை. எனக்குப் பத்தாவது பரீட்சை முடிந்த லீவு. சித்தப்பா தனியார் கம்பெனி ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். வரைபடம் போடுகிற கை என்பதால் இறக்கையின் விலா எலும்புகளை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டுவார். ரேடியோ செட் சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கைமாறியது. நங்கநல்லூரிலிருந்து டி.வி.எஸ். 50-ல் விமானத்தை நான் மடியில் வைத்துக்கொள்ள, கோவிலம்பாக்கம் பக்கம் காலி மனைகளுக்குப் போவோம். கல் நட்டு, வேலி போடாத மனைகள்; நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பட்டறை; தூரத்தில் பனைமரங்கள். (இன்றைய ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. அப்போது யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.)

அன்றைக்கு முதல் தடவை அழகாகப் பறந்தது. இரண்டாவது தடவை சித்தப்பா என் கையில் கொடுத்தார். இடப்பக்கம் ஒரு வட்டம் போட்டுப் பட்டறைக் கூரைக்கு மேல் வந்தது. அங்கே ஒரு உதறல். பிறகு ஒரேயடியாக வலது பக்கம் புரண்டு, மூக்கைக் குத்திக்கொண்டு தரைக்கு வந்துவிட்டது. நான் ஸ்டிக்கை எந்தப் பக்கம் இழுத்தும் கேட்கவில்லை.

"என்னடா பண்ணினே?" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மூன்று மாத வேலை அது.

அடுத்த வாரம் அவரே வந்து, "உன் தப்பு இல்லடா, ஏர்போர்ட் ரேடார். சிக்னல்ல குறுக்கே வந்துடுத்து" என்றார். அதற்கப்புறம் அவர் விமானம் கட்டவில்லை. என்னைத் தேற்றுவதற்காக அவர் சொன்ன பொய் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

நோட்டைப் படித்தபோது அது பொய் இல்லை என்று தெரிந்தது. விபத்து நடந்த திங்கட்கிழமை அவர் லீவு போட்டுவிட்டு, தனியாக அதே இடத்துக்குப் போயிருக்கிறார். உடைந்த விமானத்திலிருந்து ரிசீவரையும் ஒரு செர்வோவையும் பிடுங்கித் தரையில் வைத்து, டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து, ஸ்டிக்கைத் தொடாமல், செர்வோவின் கை எப்போதெல்லாம் தானாக ஆடுகிறது என்று வாட்ச்சைப் பார்த்துக் குறித்திருக்கிறார். எஞ்சின் ஓடவில்லை, எனவே அதிர்வு காரணமில்லை. வண்டியை அணைத்திருக்கிறார், எனவே ஸ்பார்க் பிளக் காரணமில்லை. புது பேட்டரி. ரிசீவரின் ஒரு மீட்டர் ஏரியல் கம்பியை நேராக விரித்து வைத்ததாகவும் ஒரு வரி. தொழில் முறையில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிற எனக்கே அந்தப் பக்கங்கள் பொறாமையாக இருந்தன. ஒவ்வொரு சந்தேகத்தையும் தனியாகக் கழற்றி வைத்திருக்கிறார்.

குறிப்புகள் இப்படிப் போகின்றன: 10.42-ல் இரண்டு ஆட்டம், 10.43-ல் மூன்று, 10.44-ல் மூன்று, ஒவ்வொன்றும் மூன்று நான்கு செகண்ட். இரண்டு பக்கம் முழுக்க இதுதான். நடுவில் ஒரு வரி: '1.05 முதல் 1.50 வரை ஒன்றுமில்லை. ரேடாருக்கும் லஞ்ச் பிரேக் போலிருக்கு.' பிறகு 1.52-லிருந்து மறுபடி ஆட்டம்.

விடை அந்தக் கிண்டலிலேயே இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். நானும் முதல் வாசிப்பில் சிரித்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

முதலில் விமான நிலையத்தை விசாரித்தேன். மீனம்பாக்கத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் குற்றவாளி. டி.வி.யில் கோடு வந்தாலும் ஏர்போர்ட், பேசும்போது பாதி வார்த்தை விழுங்கப்பட்டாலும் ஏர்போர்ட். ஆனால் அலைவரிசைகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் குற்றச்சாட்டு நிற்காது. விமானியும் கட்டுப்பாட்டு கோபுரமும் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. இறங்கும்போது ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் கருவி 108 முதல் 112-க்குள். இறங்கும் சரிவைக் காட்டுவது 329 முதல் 335. ரேடார்களோ ஆயிரத்துக்கு மேல்: விமானத்தைக் கேள்வி கேட்பது 1030-ல், அது பதில் சொல்வது 1090-ல். எங்கள் டிரான்ஸ்மிட்டர் இருந்தது 27 மெகாஹெர்ட்ஸில். பக்கத்து வீடு கூட இல்லை, வேறு ஊர்.

ஆரஞ்சு ரிப்பன் என்பது அலங்காரம் இல்லை. 27 மெகாஹெர்ட்ஸில் மாடல் விமானங்களுக்கும் கார்களுக்கும் வழக்கமாக ஆறு சேனல்கள். 26.995, 27.045, 27.095, 27.145, 27.195, 27.255. இவற்றுக்கு முறையே பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு உடனே பொறி தட்டும்: ரெசிஸ்டர் மேல் போடும் நிறக்குறியில் 1 முதல் 6 வரை இதே வரிசைதான். ஏரியல் நுனியில் ரிப்பன் கட்டுவது, மைதானத்தில் இன்னொருவர் தூரத்திலிருந்தே பார்த்து, 'இவர் ஆரஞ்சு, நான் ஆரஞ்சில் ஆன் செய்யக்கூடாது' என்று தெரிந்துகொள்ள.

வெளிநாட்டு மைதானங்களில் இதற்கு இன்னொரு முறையும் இருந்தது. ஒரு பலகையில் சேனலுக்கு ஒன்றாகத் துணி க்ளிப். யார் பறக்கவிடுகிறாரோ அவர் அந்த க்ளிப்பை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டிக்கொள்ள வேண்டும். க்ளிப் இல்லாதவன் சுவிட்சைத் தொடக்கூடாது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ரயில் டிரைவர் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் அடுத்த ஸ்டேஷனுக்குப் போவார் இல்லையா, அதே தத்துவம். ஒரு பாதை, ஒரு டோக்கன், ஒரு வண்டி. எங்கள் மைதானத்தில் எங்களைத் தவிர யாருமே கிடையாது என்பதால் நாங்கள் ரிப்பனோடு நிறுத்திக்கொண்டோம்.

இந்தக் குறுக்கீட்டுப் பயம் ரேடியோ கட்டுப்பாட்டின் வயதே கொண்டது. நிகோலா டெஸ்லா 1898-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு தொட்டித் தண்ணீரில் கம்பியில்லாமல் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். அப்போது உலகத்தில் டிரான்ஸ்மிட்டர்களே கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். அப்போதே வேறு அலை வந்து படகைக் கலைத்துவிடாமல் இருக்க வழி தேடியவர் அவர். 1937 வாக்கில் அமெரிக்காவின் மிச்சிகனில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற மாடல் விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டார்கள். இருவரும் ஹாம் ரேடியோக்காரர்கள். அந்த விமானம் இப்போது ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் காலத்தில் ரேடியோ உரிமம் இல்லாதவன் விமானம் விடமுடியாது. ஐம்பதுகளில் அமெரிக்கா 27.255-ஐ மாடல்காரர்களுக்குத் திறந்துவிட்டது. 1958-ல் அதே 27-ல் பொதுமக்கள் பேசிக்கொள்ளும் சிட்டிசன் பேண்ட் 23 சேனல்களோடு வந்தது. மாடல் சேனல்கள் அவற்றின் இடுக்குகளில் செருகப்பட்டன. வந்தது வினை.

எழுபதுகளில் அமெரிக்க லாரி டிரைவர்களிடம் சிட்டிசன் பேண்ட் ஒரு பைத்தியமாகப் பரவியது. பிரிட்டனில் அது சட்டவிரோதமாக இருந்தும், கடத்திவந்த அமெரிக்கச் செட்டுகளில் ஆயிரக்கணக்கானோர் பேச ஆரம்பித்தார்கள். விழுந்தவை மாடல் விமானங்கள். கடைசியில் பிரிட்டிஷ் அரசு 1981 நவம்பரில் சிட்டிசன் பேண்டைச் சட்டபூர்வமாக்கியது. மாடல் விமானக்காரர்கள் 35 மெகாஹெர்ட்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அமெரிக்காவில் அவர்களுக்கு 72. அதாவது உலகத்தின் பெரும்பகுதியில் விமானக்காரர்கள் 27-ஐக் காலி செய்துவிட்டுப் போனபிறகு, அங்கே வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட செட்டுகள்தான் கைமாறிக் கைமாறி எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்தன.

அப்படியானால் வெளிநாட்டு லாரிக்காரரின் குரல் எங்கள் விமானத்தை வீழ்த்தியிருக்குமா? கேட்க வேடிக்கையாக இருந்தாலும் நடக்கக்கூடியதுதான். சூரியனில் கரும்புள்ளிகள் உச்சத்தில் இருக்கும் வருடங்களில், வானத்தின் அயனி அடுக்கு 27 மெகாஹெர்ட்ஸைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். கண்டம் விட்டுக் கண்டம் கேட்கும். ஆனால் 1995 அதற்குத் தோதான வருடம் இல்லை. உச்சம் 1989-91-ல் முடிந்து, 1996-ல் வரப்போகும் அடிமட்டத்துக்குச் சூரியன் இறங்கிக்கொண்டிருந்த நேரம். தவிர, சூரியன் ஒன்றேகால் மணிக்குச் சாப்பிடப் போவதில்லை.

இந்த இடத்தில்தான் நான் நோட்டுக்குத் திரும்பினேன். 1.05 முதல் 1.50.

விபத்து நாளின் பக்கத்தைப் பார்த்தேன். முதல் பறத்தல் 1.30. இரண்டாவது 2.10. அதற்கு முந்தைய எட்டுப் பறத்தல்களின் தேதிகளைப் போனில் காலண்டர் போட்டுப் பார்த்தால், எட்டும் ஞாயிற்றுக்கிழமை. ஒன்றில்கூட உதறல் என்ற சொல் இல்லை. ஆக, ஞாயிற்றுக்கிழமையில் இல்லாதது, சனி, திங்களில் இருப்பது, மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓய்வது, ஒரு தடவைக்கு மூன்று நான்கு செகண்ட் நீடிப்பது. இது ரேடார் இல்லை. இது வேலைக்குப் போகிற ஒரு ஆள்.

அப்போது அந்தப் பட்டறை ஞாபகம் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நீலக் கதவு. நாங்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் இடம். அந்தச் சனிக்கிழமை முதல் பறத்தலின்போது உள்ளே வேலை செய்தவர்கள் ஏழெட்டுப் பேர் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேப்பமர நிழலில் சாப்பிட்டபடி வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பையன் கைதட்டினான். பிறகு மணி அடித்து அவர்கள் உள்ளே போனார்கள். நாங்கள் மறுபடி எரிபொருள் ஊற்றிக்கொண்டிருந்தோம். அங்கே செய்தது ரெக்சின் ஃபைல், பாஸ்புக் உறை, ரேஷன் கார்டு உறை. ரேஷன் கார்டு உறையின் ஓரத்தைப் பார்த்திருப்பீர்கள். தையல் இருக்காது, பசையும் இருக்காது, இரண்டு பிளாஸ்டிக் தாளும் ஒரு கோட்டில் உருகி ஒன்றாகியிருக்கும். அந்தக் கோடு எப்படி வருகிறது?

ஹை ஃப்ரீக்வென்சி வெல்டிங் மெஷின். மேலே ஒரு பித்தளை அச்சு, கீழே ஒரு தகடு, நடுவில் பி.வி.சி. தாள். காலால் பெடலை அமுக்கினால் அச்சு இறங்கும், சில கிலோவாட் ரேடியோ அலை தாளின் வழியே பாயும், பி.வி.சி.யின் மூலக்கூறுகள் அந்த அலைக்கு ஏற்ப முன்னும் பின்னும் திரும்பித் திரும்பிச் சூடாகி உருகும். மூன்று நான்கு செகண்ட். பெடலை விட்டால் நிற்கும். அடுத்த உறை. இது வேலை செய்யும் அலைவரிசை 27.12 மெகாஹெர்ட்ஸ்.

எங்கள் ஆரஞ்சு 27.095. இடைவெளி 25 கிலோஹெர்ட்ஸ். அதுவும் மெஷின் ஒழுங்காக 27.12-லேயே நின்றால். இந்த மெஷின்களில் கிரிஸ்டல் கிடையாது, ஒரு பெரிய வால்வு, ஒரு காயில். தாளின் தடிமன், அச்சின் அளவு மாறினாலே அலைவரிசை நழுவும். நழுவும் வழியில் 27.095-ஐத் தொட்டுக்கொண்டு போகும்.

எங்கள் டிரான்ஸ்மிட்டரின் சக்தி சுமார் அரை வாட். மெஷின் 4 கிலோவாட் என்று வைத்து, அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே கசிந்தது என்றாலும் 4 வாட். எட்டு மடங்கு. விமானம் எங்களிடமிருந்து 150 மீட்டர் தள்ளி, அவர்கள் கூரைக்கு நேர் மேலே.

ரிசீவருக்குள் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து செட்டு செர்வோவுக்கு ஒரு துடிப்பாக, ஒவ்வொன்றும் ஒன்று முதல் இரண்டு மில்லிசெகண்ட் நீளத்தில் அனுப்பி, கடைசியில் ஒரு நீண்ட மௌனம் விடும். செகண்டுக்கு ஐம்பது தடவை இப்படி. அந்த மௌனத்தை வைத்துத்தான் ரிசீவர், 'அடுத்து வருவது முதல் செர்வோவுக்கு' என்று எண்ணத் தொடங்கும். மௌனத்தில் வெல்டிங் மெஷின் வந்து கத்தினால் எண்ணிக்கை குழம்பிவிடும். எலிவேட்டருக்கான துடிப்பு எயிலெரானுக்குப் போகும். நான் மேலே இழுத்தேன், அது புரண்டது.

இதுவரை என் ஊகம். ஊகத்தோடு நிற்க மனசு வரவில்லை. அந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்புகள், பட்டறை எங்கே இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. ரிச்சி தெருவில் யு.எஸ்.பி.யில் சொருகும் சின்ன ரேடியோ ரிசீவர் ஒன்று வாங்கினேன். 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து கேட்கும், லேப்டாப் திரையில் அலைகளைப் படமாகவே காட்டும். ஃபைல் உறை செய்யும் இன்னொரு சிறு பட்டறையைக் கண்டுபிடித்து வாசலில் போய் நின்றேன். லேப்டாப்பும் ஏரியலுமாக என்னைப் பார்த்துவிட்டு உரிமையாளர் வெளியே வந்தார்.

"என்ன சார், இ.பி.யா?"

இல்லை என்று சொல்லி, முப்பது வருடத்துக்கு முன்னால் விழுந்த பொம்மை விமானத்தைப் பற்றி விளக்கினேன். என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ஆனால், "பாத்துக்கோங்க, டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

உள்ளே பெடல் அமுங்கியதும் திரையில் 27.12-ன் இருபுறமும் ஒரு வெள்ளைப் பட்டை கொட்டியது. மூன்று செகண்ட். நின்றது. மறுபடி. ஒவ்வொரு தடவையும் பட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து நழுவுவதையும் பார்க்க முடிந்தது. அதில் 27.095 முழுகிப் போயிருந்தது. நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணினேன். மூன்று. சித்தப்பாவின் 10.43.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 27.12-ல் வெல்டிங் மெஷினை வைத்தது யார்?

வெல்டிங்குக்கு முன்னால் டாக்டர்கள். 1930-களில் டயதெர்மி என்ற சிகிச்சை பிரபலம்: ரேடியோ அலையால் மூட்டுக்கும் தசைக்கும் உள்ளிருந்து சூடு கொடுப்பது. இன்றும் நங்கநல்லூர் பிஸியோதெரபி கிளினிக்குகளில் முட்டி வலிக்குக் கொடுக்கிற ஷார்ட்வேவ் அதுதான். அந்தக் காலத்து மெஷின்கள் இஷ்டப்பட்ட அலைவரிசையில் ஊரையே கலக்கும். 1942-ல், போர் நடுவில், அமெரிக்க அரசு எல்லா டயதெர்மி மெஷின்களையும் பதிவு செய்யச் சொன்னது. உளவாளி ஒருவன் அதையே டிரான்ஸ்மிட்டராக்கிவிடலாம் என்ற பயம்.

ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே பிரிட்டன் அதைச் செய்துவிட்டது. 1940-ல் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் இருட்டிலும் இலக்கைக் கண்டுபிடிக்க 'க்னிக்கபைன்' என்ற ரேடியோ கற்றையைப் பயன்படுத்தின. கற்றையின் ஒரு பக்கம் போனால் விமானிக்குப் புள்ளிச் சத்தம், மறுபக்கம் போனால் கோட்டுச் சத்தம், நடுவில் ஒரே தொடர் ஒலி. ஜூன் 21 அன்று 28 வயது ஆர்.வி. ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, சர்ச்சில் முன்னால் இப்படி ஒரு கற்றை இருக்கிறது என்று வாதாடினார். அன்றிரவே ஒரு ஆன்சன் விமானம் மேலேறி 31.5 மெகாஹெர்ட்ஸில் அதைக் கேட்டது. அதைக் குழப்ப உடனடியாக டிரான்ஸ்மிட்டர்கள் வேண்டும், கைவசம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரிகளிலிருந்து டயதெர்மி மெஷின்களை வாங்கி, கொஞ்சம் மாற்றி, 30 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கொட்டினார்கள். முட்டிவலி மெஷின் குண்டுவீச்சு விமானத்தைத் திசைதிருப்பியது. எங்கள் பட்டறை அதையே 55 வருடம் கழித்து, எண்ணமே இல்லாமல், ரேஷன் கார்டு உறை செய்துகொண்டே செய்தது.

போர் முடிந்து 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச ரேடியோ மாநாட்டில் இந்தத் தலைவலிக்கு ஒரு முடிவு எடுத்தார்கள். தொழிற்சாலை, விஞ்ஞானம், மருத்துவம் மூன்றுக்கும் சேர்த்துச் சில அலைவரிசைகளை ஒதுக்கி, 'கத்துவதானால் இங்கே கத்து' என்றார்கள். 13.56, 27.12, 40.68. விதியிலேயே ஒரு வரி உண்டு: இந்தப் பட்டைகளில் வேறு யாராவது ரேடியோ நடத்தினால், இந்த மெஷின்களால் வரும் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். 27.12-க்கு அனுமதித்த அகலம் இருபுறமும் 0.163.

இந்தியாவில் 1933-ம் வருடத்து வயர்லெஸ் சட்டப்படி ரேடியோ கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 2005-ல்தான் சிட்டிசன் பேண்டுக்கு உரிமம் வேண்டாம், 5 வாட் வரை போகலாம் என்று விதி வந்தது. எந்தப் பட்டை? 26.957 முதல் 27.283 வரை.

கால்குலேட்டர் எடுங்கள். 27.120-லிருந்து 0.163 கழித்தால் 26.957. கூட்டினால் 27.283.

இதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நமக்குத் திறந்துவிட்ட வீதி, மெஷின்களுக்கு விட்ட அதே சந்தைமேடு, ஒரு அங்குலம் கூடாமல் குறையாமல். இலவசமாகக் கொடுத்ததற்குக் காரணம் தாராளம் இல்லை, அங்கே வேறு யாரும் குடியிருக்க மாட்டார்கள். விதியும் அதை ஒளிக்கவில்லை: யாருக்கும் தொல்லை தரக்கூடாது, உனக்குத் தொல்லை வந்தால் பாதுகாப்பு கேட்கக்கூடாது. அன்றைக்குச் சித்தப்பா உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தாலும் சட்டப்படி தப்பு எங்கள் மேல்தான் இருந்திருக்கும். உரிமம் இல்லாத செட்டு, அடுத்தவன் பட்டை.

இன்னொரு கணக்கும் போட்டேன். எந்த மெஷினும் தன் அலைவரிசையின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும். 27.12-ன் நான்கு மடங்கு 108.48. ஐந்து மடங்கு 135.6. மேலே சொன்ன ஏர்போர்ட் பட்டியலை மறுபடி பாருங்கள். முதலாவது ஓடுபாதையைக் காட்டும் பட்டைக்குள், இரண்டாவது விமானிகள் பேசும் பட்டைக்குள். ஏர்போர்ட் எங்களைத் தொந்தரவு செய்ய வழியே இல்லை. பட்டறை ஏர்போர்ட்டைத் தொந்தரவு செய்ய வழி இருந்தது.

இப்போது பறக்கவிடுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. 2000-களின் நடுவில் மாடல் உலகம் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியது. ஒரே சேனலில் உட்காராமல் அலையைப் பட்டை முழுக்கப் பரப்புவது அல்லது தாவித் தாவிப் போவது. தாவும் யோசனைக்கு ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் 1942-ல் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். எதிரி குழப்ப முடியாத டார்ப்பிடோவுக்காக, பியானோவின் கட்டைகள் போல 88 அலைவரிசைகள். துணி க்ளிப்புக்கு வேலை போனது. பழவந்தாங்கலிலிருந்து நான்கு ஸ்டேஷன் தள்ளி குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. நடிகர் அஜித் ஆலோசகராக இருந்ததால் அந்தச் செய்தி எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2.4-ம் சொந்த வீடு இல்லை. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45-ல். மறுபடி ஒரு சூடாக்கும் மெஷினின் பட்டையில்தான் ஒண்டுக்குடித்தனம், கொஞ்சம் சாமர்த்தியத்தோடு.

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். 1.05, 1.50, பெடல், ரேஷன் கார்டு உறை எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அப்ப ஏர்போர்ட் மேல தப்பே இல்லையா?"

"இல்ல சித்தி."

"முப்பது வருஷமா, மேல ப்ளேன் போறப்பல்லாம் திட்டிண்டே இருந்தாரே!" என்று சொல்லிவிட்டு, அடுத்த பீன்ஸை எடுத்தாள்.